அரோகரா முன்னாடி... தீபம் பின்னாடி!

"இன்னாடா கண்ணு... மூணு தபா அரோகரா கேக்குது. எதுக்குக் கை கூப்புறதுன்னே தெரியலையே!"

2025 டிசம்பர் 3, புதன்கிழமை. சாயங்காலம் ஆறு மணி தாண்டிப் பத்து நிமிஷம் இருக்கும். திருவண்ணாமலையில எங்க வீட்டு மொட்டைமாடி. மலை உச்சியில தீபம் சும்மா ஜெகஜ்ஜோதியா எரியுது. முப்பது சொந்தக்காரங்க கன்னத்துல போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. நான் மட்டும் லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு மூலையில உக்காந்திருக்கேன். போன்ல ஆயா!

ஆயாவைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடுறேன் ஃப்ரெண்ட்ஸ். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததுல இருந்து ஒரு தீபத்தைக்கூட மிஸ் பண்ணாதவங்க. காலையில இருந்து பச்சைத்தண்ணி பல்லுல படாம விரதம் இருந்து, மலையில தீபம் தெரிஞ்ச பிறகுதான் வீட்டுல அகல் ஏத்துவாங்க. அதுக்கப்புறம்தான் சாப்பாடு. 2020 நவம்பர் 29-ம் தேதி, கொரோனாவால பக்தர்கள் யாரும் வரக் கூடாதுன்னு சொல்லி, ஊரே டி.வி-யிலயும் நெட்லயும் தீபம் பார்த்த அந்த வருஷம்கூட, எங்க ஆயா மாடி ஏறி நேரடியாத்தான் பார்த்தாங்க. அப்பேர்ப்பட்டவங்க இடுப்பெலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு, சென்னையில அத்தை வீட்டுக் கட்டில்ல படுத்திருக்காங்க. 'லைவ்ல காட்டுறேன் ஆயா, நீ கவலைப்படாத'ன்னு காலரைத் தூக்கிவிட்டு வாக்குக் கொடுத்தது யாரு? எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற இந்த மகா மேதை!

'டி.வி-யிலயே போடுறாங்களே தம்பி, நீ எதுக்கு?'ன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். ஆனா, ஆயாவுக்கு வேணும்னது தீபம் மட்டும் இல்லை. எங்க தெரு, எங்க மாடி, சொந்தக்காரங்க குரல்... எல்லாம் சேர்ந்த தீபம். அது எந்த சேனல்லயும் வராது. கோயிலுக்குள்ள போய் எடுக்கலாம்னா, 2022 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்கள்ல செல்போனுக்குத் தடை போடச் சொல்லிடுச்சு. அதனால மாடியே சரணம்.

நம்ம செட்டப் இதுதான். கேமராவா ஒரு செல்போன், அதுல வர்ற படத்தை வைஃபை வழியா லேப்டாப்புக்கு அனுப்புற ஒரு ஆப். குரலுக்கு, மைக்செட் கடை அண்ணன்கிட்ட கெஞ்சி வாங்கின குட்டி மிக்ஸரும் ஒரு மைக்கும். மிக்ஸர்ல இருந்து யு.எஸ்.பி. வயர் லேப்டாப்புக்கு. லேப்டாப்புல ஓ.பி.எஸ்., காசு கேக்காத சாஃப்ட்வேர். அதுல இருந்து யூடியூப். பேப்பர்ல வரைஞ்சு பார்த்தா பக்காவாத்தான் இருந்துச்சு!

அன்னிக்கு ராத்திரி ஆயா சாப்பிட்டாங்களான்னு கேட்டேன். "ஒன்பது மணிக்கு மேல கொஞ்சம் பால் குடிச்சாங்க"ன்னு அத்தை சொன்னாங்க. தீபம் பார்த்த மாதிரியே இல்லையாம். மனசு கேக்கலை பாஸ். யூடியூப்ல இருந்த அந்த ரெக்கார்டிங்கை இறக்கி, ஆடாசிட்டியில திறந்து, ஹெட்போனை மாட்டிக்கிட்டு ராத்திரி முழுக்க உக்காந்துட்டேன்.

இந்த வார மேட்டரே இங்கதான் ஆரம்பம். லைவ்ல எக்கோ வருதுன்னா உடனே எல்லாரும் என்ன பண்றோம்? வால்யூமைக் குறைக்கிறோம், மைக்கைத் தட்டுறோம், 'ஹலோ... ஹலோ... செக்'ங்கிறோம். அதெல்லாம் வேலைக்கே ஆகாது. எக்கோங்கிறது ஒரே சத்தம் ரெண்டு வழியா வந்து சேர்றது, அவ்வளவுதான். ஒரு வழி குறுக்கு வழி, இன்னொண்ணு சுத்து வழி. அந்த ரெண்டுக்கும் நடுவுல எத்தனை செகண்ட் இடைவெளின்னு அளந்துட்டா, குற்றவாளி தானா சிக்கிடுவான்!

சுவர்ல பட்டுத் திரும்பி வர்ற எக்கோவையே எடுத்துக்கங்களேன். சத்தம் செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 50 மீட்டர் தள்ளி ஒரு மதில் இருந்தா, போய்ட்டு வர 100 மீட்டர்... கிட்டத்தட்ட 0.3 செகண்ட். 17 மீட்டர்னா 0.1 செகண்ட். அதைவிடக் குறைஞ்சுபோனா காது ரெண்டையும் ஒண்ணா சேர்த்துக் கேட்டுடும், பானைக்குள்ள பேசுற மாதிரி ஒரு கரகரப்பு மட்டும் வரும். ஆக, ஒரு சாதாரண மாடியில, ஒரு முழு செகண்டுக்கு அப்புறம் தெளிவா ஒரு எக்கோ வருதுன்னா அது சுவரோட வேலையே இல்லை. ஏதோ ஒரு எலெக்ட்ரானிக் டப்பா பதுக்கி வெச்சு விடுது!

ரெக்கார்டிங்ல முதல் அரோகராவுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல ஒண்ணரை செகண்டுக்குக் கொஞ்சம் கம்மி. யோசிச்சேன்... யோசிச்சேன்... டக்குனு பல்பு எரிஞ்சுது. கேமராவா வெச்ச செல்போனுக்கும் மைக் இருக்கே! அந்த ஆப் படத்தோட சேர்த்து சத்தத்தையும் அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு. மிக்ஸர்ல இருந்து வயர்ல வந்த அரோகரா உடனே வந்துடுச்சு. வைஃபை-யில சுத்தி வந்த அரோகரா லேட்டா வந்து சேர்ந்திருக்கு. ஓ.பி.எஸ். ரெண்டையும் கலந்து ஊருக்கே ஒலிபரப்பிடுச்சு. ஆடியோ மிக்ஸர்ல அந்த செல்போன் பட்டையை மியூட் பண்ணியிருந்தா தீர்ந்திருக்கும். ஒரே ஒரு கிளிக்! உங்க வெப்கேம்லயும் இதே கதைதான் நடக்கும். தனி மைக் வாங்கி மாட்டுவோம், வெப்கேமோட மைக்கை அணைக்க மறந்துடுவோம்.

ரெண்டாவது குற்றவாளி? 22 செகண்ட் கழிச்சு அதே அரோகரா, ரேடியோ பக்கத்து அறையில பாடுற மாதிரி மெல்லிசா வருது. அப்புறம் இன்னொரு 22 செகண்ட் கழிச்சு இன்னும் மெல்லிசா! யூடியூப் லைவ் பார்க்கிறவங்களுக்குப் போய்ச் சேர இருபது முப்பது செகண்ட் ஆகுறது சகஜம். அப்போ எங்க மாடியிலேயே யாரோ அந்த லைவை ஸ்பீக்கர்ல போட்டுப் பார்த்திருக்கணும், அது திரும்ப மைக்குக்குள்ள போயிருக்கணும். யாருடா அந்தப் புண்ணியவான்னு விசாரிச்சா... 'ஒழுங்கா போகுதான்னு செக் பண்ணேன் மச்சி'ன்னு தண்ணி டேங்க் பக்கத்துல இருந்து தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்தான் நம்ம கூட்டாளி. அவனைத் திட்டவும் முடியலை. 'நீ செக் பண்ணு'ன்னு சொன்னதே நான்தான். ஹி... ஹி... லைவை செக் பண்றது தப்பில்லை மக்களே, இயர்போன்ல பண்ணுங்க. அதுவும் வயர் இயர்போன். ப்ளூடூத்னா அதுவே தன் பங்குக்கு 0.2 செகண்ட் வாக்குல லேட் ஆக்கும், நீங்க சிங்க் சரியில்லைன்னு நினைச்சு நல்லா இருக்கிறதையும் கெடுத்துடுவீங்க.

சரி, மூணாவது? ரெக்கார்டிங்கை எத்தனை தடவை கேட்டாலும் ரெண்டு எக்கோவுக்கு மேல காணோம். ஆனா, மெல்லிசா வந்ததை ஆயா காது பிடிச்சிருக்காது, அவங்களுக்குக் கொஞ்சம் கேட்கிறது கம்மி. அப்படீன்னா சத்தமா கேட்ட இன்னொண்ணு எங்கே? மறுநாள் அத்தைக்குப் போன் போட்டு, போலீஸ் மாதிரி குடைஞ்சு எடுத்துட்டேன். "டி.வி-யிலயும் போட்டேன்டா, அம்மாவுக்குக் கிட்டத்துல தெரியட்டும்னு செல்லுலயும் போட்டுக் கையில கொடுத்தேன்". அட ராமா! டி.வி. ஒரு பக்கம், அதுக்கு நாலஞ்சு செகண்ட் பின்னாடி செல்போன் ஒரு பக்கம். ரெண்டு அரோகரா நாலாகி, அதுல ஒண்ணு டி.வி. விளம்பரம் மாதிரி போய், ஆயா மூணு எண்ணியிருக்காங்க. நாம எவ்வளவு ஒழுங்கா அனுப்பினாலும், பார்க்கிற இடத்துல ரெண்டு திரை ஓடுச்சுன்னா எக்கோ நிச்சயம். அனுப்புற லிங்க்கோட, 'ஒரே ஒரு திரையில பாருங்க'ன்னு ஒரு வரி சேர்த்து அனுப்புங்க. இதை எந்த செட்டிங்க்ஸும் சரி பண்ணாது.

ஆன்லைன் கிளாஸ், ஜூம் மீட்டிங்ல எல்லாம் எக்கோவை அதுவாவே அழிச்சுடுதே, எப்படின்னு கேட்டா, அது நம்ம சிலபஸ்ல வர்ற விஷயம்தான். சாட்டிலைட் போன் வந்த காலத்துல இது பெரிய தலைவலி. 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருக்கிற செயற்கைக்கோளுக்குக் குரல் போய் இறங்கவே கால் செகண்ட். அந்தப் பக்கத்துல இருந்து எதிரொலிச்சுத் திரும்பினா அரை செகண்ட். பேசுறவன் தன் குரலையே கேட்டுக் குழம்பி நின்னுடுவான். அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல இருந்த மன் மோகன் சோந்தி, இந்தியாவுல பிறந்தவர், இதுக்கு வழி சொல்லி 1967-ல எழுதின பேப்பர் ரொம்பப் பிரபலம். ஸ்பீக்கர்ல போற குரல் என்னன்னு மெஷினுக்குத் தெரியும். அது மைக்குல எப்படித் திரும்பி வரும்னு கணிச்சு, வர்றதுல இருந்து கழிச்சுடணும். கணிப்புல வர்ற தப்பை வெச்சே கணிப்பைத் திருத்திக்கிட்டே போகணும். அடாப்டிவ் ஃபில்டர்னு டி.எஸ்.பி. பேப்பர்ல பத்து மார்க்குக்கு மனப்பாடம் பண்றோமே, அதேதான்! (செமஸ்டர்ல நான் அந்தக் கேள்வியை சாய்ஸ்ல விட்டவன்ங்கிறது இங்க தேவையில்லாத தகவல்.)

ஆனா, ஒரு எச்சரிக்கை. இந்த வித்தையெல்லாம் மனுஷன் பேசுற குரலை மனசுல வெச்சுப் பண்ணினது. கூடவே வர்ற 'நாய்ஸ் சப்ரஷன்' இருக்கே, அது சங்கு, சேகண்டி, பறை, நாதஸ்வரம் எல்லாத்தையும் சத்தம்னு நினைச்சுக் கத்தரிச்சுடும். வீட்டு விசேஷத்தை ஜூம்ல காட்டினீங்கன்னா 'ஒரிஜினல் சவுண்ட்' ஆன் பண்ணிட்டுக் காட்டுங்க. கெட்டிமேளத்தையே சத்தம்னு தள்ளிவிட்டுட்டா தாலி கட்டுறப்ப ஊமைப் படம்தான்!

இப்போ முக்கியமான மேட்டர். எக்கோவைவிட ஆயாவை அதிகமா குழப்பினது வேற ஒண்ணு. "தீபமே ஏத்தலை, அதுக்குள்ள கத்துறாங்க"ன்னாங்களாம். ரெக்கார்டிங்கைப் பார்த்தா உண்மைதான். அரோகரா கேக்குது, மலை உச்சி இருட்டாவே இருக்கு. ஒரு செகண்டுக்கும் மேல கழிச்சுத்தான் பொட்டு மாதிரி ஒரு வெளிச்சம் முளைக்குது. சத்தம் வயர்ல ஓடி வந்துடுச்சு, படம் வைஃபை-யில நொண்டி அடிச்சு வந்திருக்கு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு ஃப்ரெண்ட்ஸ். சத்தம் லேட்டா வந்தா மூளை பொறுத்துக்கும். தூரத்துல வாணம் வெடிச்சா முதல்ல பூ விரியுது, அப்புறம்தான் சத்தம். ஒரு கிலோமீட்டர்னா மூணு செகண்ட் லேட். மின்னல், இடியும் அப்படித்தான். பிறந்ததுல இருந்து பழகின ஒண்ணு. ஆனா, சத்தம் முன்னாடி, காட்சி பின்னாடிங்கிறது இயற்கையிலயே கிடையாது. அதான் உடனே உறுத்துது. சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு., டி.வி. ஒளிபரப்புக்காக 1998-ல கொடுத்த கணக்குலயும் இது இருக்கு. சத்தம் 45 மில்லி செகண்ட் முந்தினாலே பார்க்கிறவன் கண்டுபிடிச்சுடுவான், பிந்தினா 125 வரைக்கும் கண்டுக்க மாட்டான். நான் எவ்வளவு முந்த விட்டிருந்தேன் தெரியுமா? அதுல முப்பது மடங்கு!

நல்லவேளை, அண்ணாமலையார் எனக்கு ஒரு சப்ளிமென்டரி எக்ஸாம் வெச்சிருந்தார். மலை உச்சி தீபம் ஒரு நாளோட முடியுறது இல்லையே. தொடர்ந்து 11 நாள் சாயங்காலமும் ஏத்துவாங்க. காலேஜுக்கு ஓடிட்டு, சனிக்கிழமை முதல் பஸ் பிடிச்சு ஊருக்கு வந்துட்டேன்.

மதியமே மாடியில டெஸ்ட். செல்போன் முன்னாடி கூட்டாளியை நிக்கவெச்சு, கை தட்டச் சொன்னேன். சினிமாவுல கிளாப் அடிக்கிறாங்களே, அது ஸ்டைலுக்கு இல்லை பாஸ், இதுக்குத்தான். கை சேர்ற காட்சியும் 'பட்' சத்தமும் ஒரே நொடியில இருக்கணும். வேணும்னே ரெண்டு மைக்கையும் ஆன் பண்ணி ரெக்கார்ட் பண்ணினேன். ஆடாசிட்டியில பார்த்தா ரெண்டு கூரான முள்ளு, நடுவுல 1.4 செகண்ட். அங்கதான் எனக்கே புல்லரிச்சுது. செல்போன் மைக்கோட சத்தம், செல்போன் படத்தோட கை கோத்துத்தானே வருது? அப்போ அன்னிக்கு நம்மளைக் கொன்னெடுத்த அந்த எக்கோவோட இடைவெளிதான், படம் எவ்வளவு லேட்டுங்கிறதுக்கும் விடை! ஒரு வியாதி இன்னொரு வியாதிக்கு மருந்து சொல்லிடுச்சு.

அப்புறம் சிம்பிள். செல்போன் சத்தத்தை மியூட். ஓ.பி.எஸ்-ல 'அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்' போய், மிக்ஸர் மைக்குக்கு நேரா 'சிங்க் ஆஃப்செட்'ல 1400-னு அடிச்சேன். மில்லி செகண்ட் கணக்கு. பாசிட்டிவ் நம்பர் கொடுத்தா சத்தத்தை நிறுத்தி வெச்சு லேட்டா விடும். திரும்பக் கை தட்டினோம். அம்சமா உக்காந்துடுச்சு!

உக்காந்துச்சுன்னு நினைச்சேன். அரை மணி நேரம் கழிச்சு மறுபடி கை தட்டினா, அதே ஆஃப்செட், ஆனா விலகல் இருக்கு. வைஃபை-யோட லேட் ஒரே அளவா இருக்காது. சுத்தி எத்தனை பேர் செல்போன் வெச்சிருக்காங்கங்கிறதைப் பொறுத்து ஏறி இறங்கும். தீபத்தன்னிக்குப் பல லட்சம் பேர் கூடுற ஊர்ல வைஃபை-யை நம்பினது என் தப்பு நம்பர் ஒண்ணு. செல்போனை யு.எஸ்.பி. கேபிள்ல கட்டினேன். லேட் 1.4-ல இருந்து கால் செகண்டுக்கும் கீழ வந்து, அங்கேயே நின்னுச்சு. திரும்ப அளந்து, புது நம்பர் போட்டேன். ஆஃப்செட் அப்படீங்கிறது நிரந்தரமான லேட்டுக்கு மட்டும்தான் மருந்து. லேட் ஆடிக்கிட்டே இருந்தா முதல்ல அதை ஒரு இடத்துல நிறுத்தணும்.

இன்னொரு வகை உண்டு. ஆரம்பத்துல சரியா இருக்கும், போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்னு விலகிக்கிட்டே போகும். ரெண்டு கருவிக்குள்ள இருக்கிற கடிகாரமும் ஒரே வேகத்துல ஓடாததால வர்றது. பத்து லட்சத்துல 50 பங்கு வித்தியாசம்னா ஒரு மணி நேரத்துல 0.18 செகண்ட். மூணு மணி நேரக் கச்சேரின்னா அரை செகண்ட் காலி! விண்டோஸ்ல, மிக்ஸர்ல, ஓ.பி.எஸ்-ல எல்லா இடத்துலயும் சாம்பிள் ரேட் 48 கிலோ ஹெர்ட்ஸ்னு ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. ஒண்ணு 44.1, ஒண்ணு 48-னு இருந்தா தலைவலி கேட்டு வாங்கின மாதிரி. முடிஞ்சா நடுவுல ஒரு இடைவேளை விட்டு, மைக்கை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

'கூய்ய்ய்ங்'னு காதைக் கிழிக்கிற சத்தத்தைப் பத்தி மட்டும் சுருக்கமா. அது மைக்கும் ஸ்பீக்கரும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டா வர்றது. ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னாடி தள்ளி, கூட்டத்தைப் பார்க்க வைங்க. பாடுறவங்க மைக்குக்குக் கிட்ட வரட்டும். தூரத்தைப் பாதியாக்கினா குரல் 6 டெசிபல் ஏறும், அந்த அளவுக்கு வால்யூமைக் குறைச்சுக்கலாம். எங்க சித்தப்பா மைக்கைப் பார்த்தாலே ரெண்டடி பின்னாடி போற டைப். அவரைப் பிடிச்சு நிறுத்தத் தனியா ஒரு ஆள் போட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆறு மணி. மாடியில இந்தத் தடவை எட்டே பேர். அத்தை வீட்டுல டி.வி. ஆஃப், ஒரே ஒரு செல்போன். மலை உச்சியில பொட்டு வெளிச்சம் முளைச்சுது, சித்தப்பா அடித்தொண்டையில இருந்து அரோகரா போட்டார். நான் லேப்டாப்பையே பார்த்துக்கிட்டு இருந்தேன். தீபத்தைப் பார்க்கவே இல்லை.

கொஞ்ச நேரத்துல போன். ஆயா.

"ஆயா, தீபம் தெரிஞ்சுதா? எத்தனை தபா அரோகரா கேட்டுச்சு?"

"ஒரு தபாதான்டா. விளக்கு ஏத்திட்டாங்க உங்கத்தை, சாப்பிடத்தான் போறேன். ஆமா... அரோகராவுக்கு நடுவுல ஒரு குக்கர் விசில் கேட்டுதே, அது நம்ம எதிர்வீடுதானே? மூணு விசில் ஆகிப்போச்சுடா, போய் அணைக்கச் சொல்லு!"